மேலே இரண்டு பேர்

எடைமேடை அறையில் எனக்கு ஒரு ஜன்னல் உண்டு. லாரி மேடையில் ஏறி நின்றுவிட்டால் அந்த ஜன்னல் நிறைய லாரியின் தகரம்தான் தெரியும். சுரங்கத்திலிருந்து தாது ஏற்றி வரும் எந்த லாரியும் என்னிடம் எடை போட்ட பிறகுதான் வெளியே போக முடியும். மேஜை மேல் சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி ஒன்று. எண் அசையாமல் நின்றதும் பொத்தானை அழுத்துவேன். சீட்டு வரும். கையெழுத்துப் போடுவேன். தடுப்புக் கட்டை மேலே போகும். அடுத்த லாரி வரும். இதற்கு ஒரு பட்டம் தேவையில்லை. என்னிடம் இருக்கிறது.

லாரி எடைக்கு நிற்கும்போதே அதன் மேல் ஏறி மாதிரி எடுத்துவிடுவார்கள். லாரிக்கு ஒரு பை தாது சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். என் மனைவி அந்த வேலையில் இருந்தாள். மறுபக்க ஏணியில் ஏறி, குவியலின் மேல் நின்று, நாலைந்து இடத்தில் சின்ன வாரியால் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவாள். அவள் ஏறினால் எண் அறுபது கூடும். பெட்டி இருபது இருபதாகத்தான் காட்டும். ஆள், பூட்ஸ், வாரி எல்லாம் சேர்த்து அறுபது.

வீட்டில் அவள் ஐம்பத்திரண்டு கிலோ என்று சாதிப்பாள்.

"என் பெட்டி அறுபதுங்குது."

"உங்க பெட்டிக்குக் கல்யாணம் ஆகல. அதான் பொம்பளைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு தெரியல."

லாரிக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எண் கூடினால் ஏறிவிட்டாள். எண் குறைந்தால் தரையில் கால் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் எனக்கு வரும் சேதி.

அவள் விழுந்த அன்றும் எண் குறைந்தது. குவியலின் ஓரம் சரிந்திருக்கிறது. எடைமேடையையும் தாண்டிச் சிமெண்டுத் தரையில் போய் விழுந்திருக்கிறாள். எண் அறுபது குறைந்து, அசையாமல் நின்றது. பொத்தானை அழுத்தினேன். சீட்டில் எடை சரியாகவே இருந்தது. டிரைவர் ஓடி வந்து கதவைத் தட்டியபோது நான் அடுத்த லாரியின் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இதை அதிகாரிகளுக்குச் சொன்னேன், போலீசுக்குச் சொன்னேன், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது சொல்லும்போது ஒன்றும் ஆவதில்லை.

பிறகு நிர்வாகம் சில காரியங்கள் செய்தது. யார்டின் கோடியில் பாழாய்க் கிடந்த இரும்புப் பரண் ஒன்றுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். படி ஏறி, கம்பி வேலிக்குள் நின்று, பக்கத்தில் வந்து நிற்கும் லாரியில் இறங்கித் தாதுவை அள்ளலாம். தலைக்கு மேலே ஒரு இரும்பு உத்தரம், அதில் ஓடும் கொக்கி. இடுப்புப் பெல்ட்டை அதில் மாட்டிக்கொண்டால் கால் தவறினாலும் ஆள் தொங்குவாள், விழ மாட்டாள். மாதிரி இனி பரணில்தான் எடுக்க வேண்டும், அவசரமானால் மட்டும் எடைமேடையில், அதுவும் பெல்ட்டும் அதன் கயிற்று நுனிக் கொக்கியும் மாட்டாமல் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பரணுக்குப் போக லாரி யார்டை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். டிரைவர்களுக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்த வாரமே எல்லா லாரியும் அவசர லாரி ஆகிவிட்டது. பரணில் காக்கைகள் உட்கார்ந்தன.

இறந்தவள் வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "மாப்பிள்ளை, சின்னவளுக்குக் கேட்டா குடுப்பாங்களா?"

கேட்டேன். கொடுத்தார்கள். அதே வேலை. ஆபீசில் ஏதாவது இருக்குமா என்று இழுத்தேன். "காலியா இருக்கறது அந்த இடம்தானே தம்பி" என்றார் ஆபீஸ்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. மைத்துனிக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் பெயர் கெட்டால் வீட்டுக்குப் போகலாம். அத்தைக்கு இனி அவள் சம்பளம்தான்.

அவள் சேர்ந்து சில வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். எண் அறுபது கூடவில்லை. நூற்றிருபது கூடியது.

பெட்டி பழுதென்று நினைத்தேன். மேடை காலியாக இருந்தபோது பார்த்தேன், பூஜ்யம் காட்டியது. அடுத்த லாரி வந்தது. நூற்றிருபது கூடியது. குறைந்தது. அடுத்ததும் அப்படியே.

இரவுச் சாப்பாடு எனக்கு அத்தை வீட்டில்தான். சமைப்பதை நான் விட்டுவிட்டேன். தட்டில் சோறு விழுந்ததும் மைத்துனியிடம் கேட்டேன்.

"லாரி மேல எத்தனை பேர் ஏறுறீங்க?"

"ரெண்டு பேர். நானும் நெட்டையும். ஏன் மாமா?"

நெட்டை அவளோடு வேலை செய்யும் பெண். உயரம் என்பதால் அந்தப் பெயர்.

"முன்னாடி ஒருத்தர்தான் ஏறுவாங்க. இன்னொருத்தர் கீழ நின்னு பை வாங்குவாங்க."

"முன்னாடி பெல்ட் இல்ல. இப்ப இருக்கு. கொக்கிய எதுலயாவது மாட்டணுமில்ல? லாரி மேல என்ன இருக்கு, ஆகாயத்துலயா மாட்டறது?"

"அப்ப எதுல மாட்டறீங்க?"

"அவ கொக்கி என் பெல்ட்டுல. என் கொக்கி அவ பெல்ட்டுல." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டிரைவருங்க எங்களப் பாத்தா, ஏர்மாடு ஜோடி வந்துடுச்சு, ஓரமா ஓட்டுன்னு கத்துவாங்க."

அத்தை குழம்புக் கரண்டியோடு நின்றாள். "நல்லதுதானே. ஒருத்தி தவறினா இன்னொருத்தி பிடிச்சுக்குவா" என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு, "அத்தை, ஒரு ஆள் இடுப்புல சிமெண்டு மூட்டையக் கட்டி மாடி விளிம்புல நிக்க வெச்சு, மூட்டையத் தள்ளி விட்டா என்ன ஆகும்?" என்றேன்.

"சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு."

"இவளும் அவளும் அப்படித்தான் நிக்கறாங்க. ஒருத்தி போனா இன்னொருத்தியையும் இழுத்துட்டுப் போவா."

"அக்கா மாதிரி நான் ஓரத்துல நிக்க மாட்டேன்" என்றாள் மைத்துனி.

சொன்ன பிறகு அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

"நாளையிலேர்ந்து பரணுக்குப் போ" என்றேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? லாரி அங்க வந்தாத்தானே. நான் பரண்ல உக்காந்து காக்காவுக்குப் பேன் பாக்கறதா? மாமா, ஆறு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தா பர்மனென்ட். அதுக்கப்புறம் நீங்க சொல்றதெல்லாம் கேக்கறேன்."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

அவளுடைய அக்கா இதைச் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவருக்கு ஹெல்மெட் என்று பெயர். கூரைக்கடியில், மின்விசிறிக்கடியில், டீ குடிக்கும்போது எங்கும் கழற்றுவதில்லை. கெட்டவர் இல்லை. நிறையக் கடிதம் எழுதி, பதில் வராமல் பழகியவர்.

"பெல்ட் போடறாங்களா?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு நூறு. போன வாரம் நானே நின்னு படம் எடுத்தேன்." போனைக் காட்டினார். மைத்துனியும் நெட்டையும் குவியல் மேல் நின்று சிரிக்கிறார்கள். கொக்கிகள் பளபளவென்று மாட்டியிருந்தன.

"மறுமுனை எங்க இருக்குன்னு பாருங்க."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று கயிறு போன வழியிலேயே விரலை ஓட்டினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். உள்ளே அவருக்கு முடியே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கொக்கி மாட்டாம ஏறாதேன்னு சொன்னேன்" என்றார். "எதுல மாட்டணும்னு நான் சொல்லல."

"லாரி மேல எதுவும் இல்ல, சார்."

"இல்லதான். பரண் இருக்கேன்னு விட்டுட்டேன்." தலையைத் தடவிக்கொண்டார். "உத்தரவு போட்டதுல ஒரு ஆள் விழற எடத்துல ரெண்டு ஆளை ஏத்தி வெச்சிருக்கேன்."

அவரே மேனேஜரிடம் போனார். திரும்பி வந்து, திங்கட்கிழமை முதல் எல்லா லாரியும் பரணுக்குப் போக வேண்டும், அவசரம் என்ற பேச்சே கிடையாது என்று சொன்னார். "ஆனா லாரி தேங்கக் கூடாதாம். தேங்கினா பழையபடிதானாம்."

"தேங்கும்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

திங்கள் முதல் லாரிகள் சுற்றி வந்தன. எண் ஏறியது, நின்றது. நடுவில் ஏற்ற இறக்கம் இல்லை. என் ஜன்னல்தான் புகார்ப் பெட்டியாகிவிட்டது. அரை டேங்க் என்று ஒரு டிரைவர். எவ்வளவு டீசல் போட்டாலும் அரை டேங்க்தான் இருக்கிறது என்பார். கதவிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏன் தம்பி, வாசலுக்கு வழி கேட்டா ஊரையே சுத்திக் காட்டறீங்களே."

"நல்லா பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்தேன். பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு தெரு சுத்தல."

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்தது. பரணுக்குப் போகும் பாதை சேறானது. ஒரு லாரியின் பின்சக்கரம் அதில் சுழன்றது, பிறகு எப்படியோ ஏறி வந்தது. அதற்குள் பின்னால் வரிசை சுரங்க வாய் வரை நீண்டது. ஹாரன் சத்தத்தில் என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹெல்மெட் அன்று தலைமை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சூப்பர்வைசர் குடை பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தார்.

"மேனேஜர் சொல்லிட்டாரு. இன்னைக்கு மட்டும் இங்கயே எடுத்துடலாம். பிள்ளைங்களை வரச் சொல்லியிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார். அரை டேங்கின் லாரி மேடை மேல் ஏறியது. ஜன்னலில் தகரம். அதற்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம், மைத்துனியின் குரல், நெட்டையின் இருமல். எண் ஓடியது. நூற்றிருபது கூடி நின்றது.

சாதாரண நாளில் நான் உட்கார்ந்திருப்பேன். அது குறையும் வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவேன்.

எழுந்து வெளியே போனேன். மழை கண்ணில் அடித்தது. லாரியின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் வந்தேன். அவள் அக்கா விழுந்த நாளுக்குப் பிறகு அந்தச் சிமெண்டுத் தரையில் நான் நின்றதில்லை. மேலே பார்த்தேன். நனைந்த தாது கூழாகி வழிந்துகொண்டிருந்தது. குவியலின் உச்சியில் இருவரும், நடுவில் இரண்டு கயிறு. மைத்துனி குனிந்து தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் குனியும்போதெல்லாம் நெட்டை ஒரு அடி முன்னால் இழுபட்டாள்.

"இறங்குங்க" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "மாமா, உள்ள போங்க. இன்னும் ரெண்டு வாரிதான்."

"தோண்ட வேண்டாம். இறங்குங்க. இந்த லோடுக்கு எடை போட மாட்டேன்."

"நாங்க இறங்கினதும் போடுங்களேன்."

"இறங்கினாலும் போட மாட்டேன். பரணுக்குப் போயிட்டு வரட்டும்."

அவள் வாரியை ஓங்கித் தாதுவில் குத்தினாள். "என் வேலைக்கு உலை வைக்காதீங்க. சூப்பர்வைசர் பாத்துக்கிட்டே நிக்கறாரு."

நிஜமாகவே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் போன் இருந்தது. பேசி முடித்து என்னிடம் நீட்டினார். மேனேஜர்.

"எடையில என்ன கோளாறு?"

"மேல ஆள் இருக்காங்க, சார்."

"இறங்கினதும் போடு."

"பரணுக்குப் போயிட்டு வந்தா போடறேன்."

"அதச் சொல்ல நீ யாரு?"

"எடை போடறவன். சீட்டுல என் கையெழுத்துதான் இருக்கு."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உன் கஷ்டம் புரியுது தம்பி. அதுக்காகக் கொழுந்தியாளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

"கூட இன்னொரு பொண்ணும் நிக்குது, சார். அவ எனக்குச் சொந்தமில்ல."

"கையெழுத்துப் போட வேற ஆள் அனுப்பறேன்."

"அனுப்புங்க. அவர் வர்ற வரைக்கும் இவங்க மேல நிக்க வேண்டாம்."

வைத்துவிட்டார். போனைத் துடைத்துச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். கோபம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. மனைவி போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

"கொக்கியக் கழட்டுங்க" என்று மேலே பார்த்துச் சொன்னேன். "ரெண்டையும். கழட்டிட்டு ஒவ்வொருத்தரா வாங்க. உக்காந்து நகருங்க."

மைத்துனி அசையவில்லை. நெட்டைதான் முதலில் உட்கார்ந்தாள். "இறங்கிடலாம்டி. எனக்குக் கால் வழுக்குது" என்றாள். விறைத்த விரலால் கொக்கியைத் திருகினாள். வரவில்லை. மைத்துனி அவளுக்குக் கழற்றிவிடக் குனிந்தாள். அவள் காலடியில் ஒரு தாதுப் பாளம் நழுவியது. பக்கத் தகரத்தைத் தாண்டிக் கீழே வந்து என் பூட்ஸ் அருகே சிதறியது.

பின்னால் ஹாரன் நின்றது.

மைத்துனி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். குதிகாலை ஊன்றி, இரண்டு கையையும் முழங்கை வரை தாதுவுக்குள் புதைத்திருந்தாள். நெட்டை அவள் முதுகோடு ஒட்டிக் கிடந்தாள். கயிறு இரண்டும் இழுத்து நின்றன.

"அப்படியே இரு" என்றேன். "கைய எடுக்காத. நெட்டை, நீ மட்டும் கழட்டு. நிதானமா. உன் பக்கத்துக் கொக்கிய முதல்ல."

முதல் கொக்கி விட்டது. பிறகு இன்னொன்று. நெட்டை ஏணியைப் பிடித்து, லாரியைப் பார்த்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிறகு மைத்துனி. கடைசிப் படியில் நான் கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. தரையில் கால் வைத்து, சேற்றுக் கையைப் பெல்ட்டில் துடைத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"பேசாம இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"ஆமா."

"என்னை வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க."

"அப்ப அம்மாவுக்கு யாரு சோறு போடறது?"

நான் ஏணியிலிருந்து விலகி நின்றேன்.

அரை டேங்க் கதவைத் திறந்து இறங்கினார். தலையில் பிளாஸ்டிக் பை. கீழே சிதறிக் கிடந்த பாளத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மேனேஜர் அனுப்பும் ஆள் எந்தப் பக்கமிருந்து வருவார் என்பது போல ஆபீஸ் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் மழை மட்டும்தான்.

"அவங்க ஆளைத் தேடிக் குடை குடுத்து அனுப்பறதுக்குள்ள நான் அந்தப் பாழாப்போன பரணை ரெண்டு தடவை சுத்திட்டு வந்துடுவேன்" என்றார். "பின்னால இருக்கறவனுங்களை எடுக்கச் சொல்லுங்க. நான் ரிவர்ஸ் வரணும்."

பின்னால் இருந்தவர்களை எடுக்கச் சொல்வது சும்மா இல்லை. முதல் லாரி பின்னால் போக வேண்டுமானால் வரிசையில் கடைசி லாரி முதலில் நகர வேண்டும். ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னேன். ஒவ்வொருவரும் என் வம்சத்தை விசாரித்தார்கள். ஒருவர், "தம்பி, உங்களுக்கு நல்லதே நடக்காது" என்றார். "கெட்டது ஏற்கெனவே நடந்தாச்சுண்ணே, கொஞ்சம் பின்னால எடுங்க" என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் யார் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். கியரைப் போட்டார்.

சேற்றில் பின்னால் வரும் லாரிக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் ஒருவர், கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் பின்னால் ஒருவர். முன்னால் நான் நின்றேன். பின்னால் நிற்கச் சூப்பர்வைசரைத் தேடினேன். அவர் குடையோடு என் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தார்.

"வரட்டும், வரட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மைத்துனி. பெல்ட்டின் கொக்கி முழங்காலில் இடிக்க, கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. "ஒடிச்சு வாங்க. லெஃப்ட்ல கல்லு. போதும், போதும்ணே, என்னை ஏத்திட்டா கம்பெனி இன்னொரு பெல்ட் வாங்கணும்."

அரை டேங்க் வண்டியைத் திருப்பிச் சேற்றுப் பாதையில் விட்டார். நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். பரணை ஒட்டி லாரி நின்றது. நெட்டை கீழே பையோடு நின்றாள். மைத்துனி படியேறி, உத்தரத்தில் ஓடும் கொக்கியை இழுத்துத் தன் பெல்ட்டில் மாட்டினாள். ஒருமுறை அதில் தன் கனத்தைப் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். பிறகு லாரிக்குள் இறங்கித் தோண்டத் தொடங்கினாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அரை டேங்க் கண்ணாடியை இறக்கினார். "இப்ப திருப்தியா?"

"இல்ல" என்றேன். "இவங்க முடிச்சதும் நேரா எடைக்கு வாங்க. அடுத்த வண்டி டிரைவர் யாரு?"